பட்டத்தின் கணக்கு – 9: ஓய்வூதியத்தில் பிறந்த மணிக்கணக்கு

சென்ற பகுதியை 1869-இல் நிறுத்தியிருந்தோம். வேதியியல் ஆசிரியரான சார்லஸ் வில்லியம் எலியட் 35 வயதில் ஹார்வர்டின் தலைவராகிறார். அடுத்த 40 ஆண்டுகள் அந்த நாற்காலியை விட்டு அவர் எழவில்லை.

எலியட்டுக்கு முன்பு, ஒரு மாணவன் பட்டத்தை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று யாரும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. லத்தீன், கிரேக்கம், கணிதம், கொஞ்சம் தத்துவம். எல்லாருக்கும் அதே பாடம், அதே வரிசை. சேரும்போது ஒன்றாகச் சேர்ந்தவர்கள் நான்கு ஆண்டு கழித்து ஒன்றாக வெளியே வந்தார்கள். கணக்கு ஒன்று இருந்தது, ஆனால் அது வேறு ஜாதி. ஜோசையா குயின்சி தலைவராக இருந்த காலத்தில் (1829–45) மாணவன் பாடம் ஒப்பிக்கும் ஒவ்வொரு முறையும் 8 புள்ளி வரை கிடைக்கும். தேவாலய வழிபாட்டுக்குப் போகாவிட்டால் புள்ளி பறிபோகும். நான்காண்டுப் புள்ளிகளையும் கூட்டித்தான் யார் முதல், யார் கடைசி என்று வரிசைப்படுத்தினார்கள். படிப்பும் பக்தியும் ஒரே பேரேட்டில் ஏறிய காலம் அது. அந்தப் பேரேடு தரவரிசையைச் சொன்னது. பட்டத்துக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்ற கேள்வி அதில் எழவே இல்லை. காலண்டரைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

எலியட் அந்த வரிசையைக் கலைத்தார். மாணவன் தனக்கு வேண்டிய பாடத்தைத் தானே தேர்ந்துகொள்ளட்டும் என்றார். கட்டாயப் பாடங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 1890-களின் இறுதிக்குள் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியைத் தவிர ஹார்வர்டில் கட்டாயம் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. இதை எதிர்த்தவர்களில் பெரிய ஆள் பிரின்ஸ்டன் தலைவர் ஜேம்ஸ் மெக்கோஷ். 1885-இல் நியூயார்க்கில் இருவரும் ஒரே மேடையில் மோதினார்கள். பதினெட்டு வயதுப் பையனிடம் தேர்வை விட்டால் சுலபமானதைத்தான் எடுப்பான் என்பது மெக்கோஷ் கட்சி. வரலாறு எலியட்டை வென்றவராக எழுதியது. ஆனால் மெக்கோஷ் சொன்னதில் பாதி பலித்தது. 1903-இல் ஹார்வர்டே அமைத்த ஒரு குழு மாணவர்களை விசாரித்தபோது, வகுப்புக்கு வெளியே அவர்கள் படிக்கும் நேரம் ஆசிரியர்கள் நினைத்திருந்ததைவிட மிகவும் குறைவு என்பது அம்பலமானது. அந்தக் குழுவில் இருந்த அபட் லாரன்ஸ் லோவெல்தான் 1909-இல் எலியட்டின் நாற்காலிக்கு வந்தார். வந்த கையோடு, மொத்தப் பாடங்களில் ஒரு பங்கை ஒரே துறையில் எடுத்தாக வேண்டும், மிச்சத்தைப் பல துறைகளில் பரப்பியாக வேண்டும் என்று கடிவாளம் போட்டார்.

நமக்கு இங்கே வேண்டியது வேறு. ஆளுக்கொரு பாதையில் போக விட்டபிறகு, யார் எப்போது முடித்தார் என்று எப்படிச் சொல்வது? எடுத்த பாடங்களை எண்ணலாம். வாரம் ஐந்து நாள் நடக்கும் கிரேக்கமும் வாரம் இரண்டு நாள் நடக்கும் ஓவியமும் ஒன்றா? இல்லை. அப்படியானால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்று பார்த்து எடை போடலாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் கல்லூரிகளின் பாடக் கையேடுகளில் இந்த மணிக்கணக்கு மெல்லப் புகுந்தது. ஒரு மாணவன் வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் வகுப்பில் உட்காருவான். ஆண்டுக்கு இரண்டு செமஸ்டர். நான்கு ஆண்டு. பெருக்கினால் 120. அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு இன்றும் பொதுவாக வேண்டிய கிரெடிட் இதுதான். இந்த 120 முதலில் பிறந்தது எந்தச் சட்டமன்றத் தீர்மானத்திலும் அல்ல. பெருக்கல் வாய்ப்பாட்டில்.

அதுவரை இது உள்வீட்டுக் கணக்கு. ஒவ்வொரு கல்லூரியும் தன் வசதிக்கு வைத்துக்கொண்டது. நாடு முழுவதையும் ஒரே அளவுகோலுக்குள் இழுத்துப் போட்டவர் கல்லூரி வாசலை மிதித்துப் படிக்காத ஒரு மனிதர்.

ஆண்ட்ரூ கார்னகி ஸ்காட்லாந்தின் டன்பெர்ம்லினில் கைத்தறி நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். 1848-இல் குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தது. பையன் பென்சில்வேனியாவில் ஒரு பஞ்சாலையில் நூல் கண்டு மாற்றும் வேலைக்குப் போனான். வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். அந்தப் பையன்தான் 1901-இல் தன் எஃகு ஆலைகளை ஜே. பி. மார்கனிடம் 48 கோடி டாலருக்கு விற்றவர். இடையில் 1890-இல் அவரைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்களில் ஒருவராக்கினார்கள். அங்கே சம்பளப் பட்டியலைப் பார்த்துத் திகைத்துப்போனார். தன் அலுவலகத்தில் எழுத்தர்களுக்குக் கொடுப்பதைத்தான் அங்கே பேராசிரியர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதுமையை ஓட்ட முடியாது. அதனால் பேராசிரியர்கள் கண் மங்கி, காது அடைத்து, நாற்காலியிலேயே சாகும்வரை பாடம் நடத்தினார்கள். இளைஞர்களுக்கு இடம் காலியாகவில்லை.

1905 ஏப்ரலில் கார்னகி ஒரு கோடி டாலர் எழுதிக் கொடுத்தார். ரொக்கமாக அல்ல, ஐந்து சதவீத வட்டி தரும் யு.எஸ். ஸ்டீல் பத்திரங்களாக. கற்பித்தலை முன்னேற்றுவதற்கான கார்னகி அறக்கட்டளை பிறந்தது. தொடக்கத்தில் வேலை ஒன்றே ஒன்று: கல்லூரிப் பேராசிரியர்களுக்கு இலவச ஓய்வூதியம். அறங்காவலர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத் தலைவர்கள். குழுவின் தலைவர், வேறு யார், எலியட். நிர்வாகத்தைக் கையில் எடுத்தவர் ஹென்றி ஸ்மித் பிரிட்செட். வானியல் படித்தவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியின் தலைவராக இருந்தவர். ஒழுங்கில்லாத எதையும் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். அமெரிக்க உயர்கல்வியில் ஒழுங்கின்மைக்குப் பஞ்சமே இல்லை.

கணக்குப் பாருங்கள். ஐந்து சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர். கல்லூரி என்று பெயர்ப் பலகை மாட்டியவை பல நூறு. அவற்றில் பல இன்றைய மேல்நிலைப் பள்ளித் தரத்தில்கூட இல்லை. சில ஊர்களில் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி இரண்டும் ஒரே கூரைக்குள், ஒரே ஆசிரியர் கையில். எல்லாருக்கும் கொடுத்தால் ஆளுக்குக் காலணா தேறாது. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க, முதலில் கல்லூரி என்றால் எது என்று தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தைச் செய்ய அமெரிக்காவில் ஓர் அமைச்சகம் இல்லை, ஓர் ஆணையம் இல்லை. பணம் வைத்திருந்தவர் செய்தார்.

நிபந்தனைகள் வந்தன. குறைந்தது ஆறு முழுநேரப் பேராசிரியர்கள் இருக்க வேண்டும். நான்காண்டுப் படிப்பு நடத்த வேண்டும். தனியார் கல்லூரியானால் வருமானம் தரும் மூலதனம் 2 லட்சம் டாலர் இருக்க வேண்டும். எந்தத் திருச்சபையின் கட்டுப்பாட்டிலும் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை கிளப்பிய புழுதிக்குத் தனிப் பகுதியே எழுதலாம். பேராசிரியர்களின் முதுமைக்காகச் சபையோடு பல தலைமுறை உறவை அறுத்துக்கொண்ட கல்லூரிகள் உண்டு. ஆனால் வரலாற்றில் அதிகத் தூரம் ஓடியது, அப்போது யாரும் பெரிதாகச் சண்டை போடாத நிபந்தனைதான். கல்லூரியில் சேர வருகிறவர் நான்காண்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும்.

நான்காண்டுப் படிப்பு என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாமே. அளந்து காட்டு என்றது அறக்கட்டளை. ஒரு பாடத்தை ஒரு கல்வியாண்டு முழுக்க, வாரத்தின் ஐந்து நாளும் நடத்தினால் ஒரு யூனிட். மொத்தம் சுமார் 120 மணி நேரம். இப்படி 14 யூனிட் முடித்தவரைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிதான் கல்லூரி. இந்த 120-ஐ மேலே சொன்ன 120-உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பட்டத்தின் மொத்தக் கிரெடிட். இது பள்ளியில் ஒரு பாடத்தின் ஓராண்டு நேரம். எண் ஒன்றாக அமைந்தது தற்செயல்.

யூனிட் கார்னகியின் கண்டுபிடிப்பு என்று பலரும் எழுதுகிறார்கள், சரியல்ல. கல்லூரி நுழைவை ஒழுங்குபடுத்தும் யோசனை 1890-களிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. 1892-இல் தேசியக் கல்விச் சங்கம் அமைத்த பதின்மர் குழுவுக்கும் எலியட்தான் தலைவர். 1900-இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அமைந்து, 1901-இல் முதல் தேர்வை 973 பேர் எழுதினார்கள். மேற்கே மிச்சிகன் பல்கலைக்கழகம் 1871 முதலே, நல்ல பள்ளி என்று தான் ஏற்றுக்கொண்ட பள்ளிகளின் மாணவரைத் தேர்வில்லாமல் சேர்த்துக்கொண்டிருந்தது. தேர்வா, சான்றிதழா என்ற வழக்கு தீராமல் இழுபட்டுக்கொண்டிருந்த நேரத்தில் யூனிட்டுக்குப் பின்னால் ஒரு கோடி டாலர் வந்து நின்றது. வழக்கு முடிந்தது. 1910 வாக்கில் ஏறக்குறைய எல்லா உயர்நிலைப் பள்ளிகளும் தங்கள் கால அட்டவணையை யூனிட்டுக்கு ஏற்றபடி வெட்டிக்கொண்டன. நியூயார்க்கில் உட்கார்ந்து வயதான பேராசிரியருக்குக் காசோலை எழுதும் அலுவலகம், அயோவாவில் ஒரு பள்ளியின் மணி எத்தனை நிமிடத்துக்கொருமுறை அடிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்தது. நுழைவை யூனிட்டில் எண்ணப் பழகிய கல்லூரிகள், உள்ளே நடப்பதையும் அதே பாணியில் செமஸ்டர் மணிகளில் எண்ணுவதை உறுதிப்படுத்திக்கொண்டன. மாணவர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறும்போது எழுதி அனுப்ப ஒரு எண் கிடைத்தது. அது சிறிய வசதி அல்ல.

அறக்கட்டளை எதையும் ஒளிக்கவில்லை. யூனிட் அளப்பது செலவிட்ட நேரத்தை, கற்ற விளைவை அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொன்னது. மரக்கால் எத்தனை நிறைந்தது என்று தெரியும். உள்ளே கிடப்பது நெல்லா பதரா என்று மரக்காலைக் கேட்கக் கூடாது.

இடையே ஒரு சுவையான செய்தி. அறங்காவலர்களில் ஒருவர் அப்போதைய பிரின்ஸ்டன் தலைவர் உட்ரோ வில்சன். 1910-இல் பிரின்ஸ்டனை விட்டு அரசியலுக்கு வந்தபோது, அவரும் சத்தமில்லாமல் இந்த ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டார். அறக்கட்டளை மறுத்துவிட்டது. விஷயம் 1911-இன் இறுதியில் பத்திரிகையில் வெளியாகி, குடியரசுத் தலைவர் பதவிக்குத் தயாராகிக்கொண்டிருந்தவரைச் சங்கடத்தில் மாட்டியது. மாட்டினாலும் ஜெயித்தார்.

இலவச ஓய்வூதியம் நீடிக்கவில்லை. கார்னகி பின்னால் கூடுதலாகக் கொடுத்தும், பேராசிரியர்களின் எண்ணிக்கையும் ஆயுளும் வட்டியை விழுங்கின. 1918-இல் ஆசிரியரும் கல்லூரியும் பங்கு கட்டும் தனி ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனம் அமைக்கப்பட்டது. எந்தக் காசுக்காக அளவுகோல் பிறந்ததோ அந்தக் காசு பதின்மூன்றே ஆண்டில் கைமாறிப்போனது. அளவுகோல் போகவில்லை.

அதற்குள் மணிக்கணக்குக்கு இன்னொரு எஜமானன் வந்திருந்தான். 1910-இல் அறக்கட்டளை இரண்டு அறிக்கைகள் வெளியிட்டது. ஒன்று ஏபிரகாம் பிளெக்ஸ்னரின் மருத்துவக் கல்லூரி ஆய்வு. உலகப் புகழ் பெற்றது. மற்றது மோரிஸ் லெவெலின் குக் எழுதியது, பலர் மறந்துவிட்டார்கள். குக் இயந்திரப் பொறியாளர். தொழிற்சாலைத் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்த பிரெடரிக் டெய்லரின் சீடர். ஹார்வர்டு, கொலம்பியா, பிரின்ஸ்டன், எம்ஐடி உள்ளிட்ட எட்டு நிறுவனங்களின் இயற்பியல் துறைகளுக்குள் புகுந்து, ஆலைக்குள் புகுந்த கண்காணிப்பாளர் போலவே எல்லாவற்றையும் பார்த்தார். வகுப்பறை நாளில் எத்தனை மணி நேரம் காலியாகக் கிடக்கிறது? ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்த என்ன செலவு? இந்த மாணவர்-மணியைத்தான் பல்கலைக்கழகத்தின் உற்பத்தி அலகாக அவர் வைத்தார். எம்ஐடியின் புதிய தலைவர் ரிச்சர்ட் மெக்லாரின் கொதித்துப்போனார். ஈர்ப்புக் கொள்கைக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டீர், பலன் என்ன என்று நியூட்டனிடம் கட்டட மேற்பார்வையாளர் விளக்கம் கேட்டால் எப்படி இருக்கும் என்று கிண்டலடித்து எழுதினார். கிண்டல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்கள் இன்றும் துறைவாரியாகப் பணியிடம், இடவசதி, நிதி ஒதுக்க எடுத்துப் புரட்டுவது குக் விட்டுச்சென்ற கணக்கின் வாரிசைத்தான். மாணவரின் முன்னேற்றத்தை அளந்த அதே மணி ஆசிரியரின் பணிச்சுமையையும் அளக்கத் தொடங்கியது. அப்போதிலிருந்து அதைத் தொட்டால் வரவுசெலவும் சேர்ந்து ஆடும்.

தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 1931-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹட்சின்ஸ், எத்தனை மணி வகுப்பில் இருந்தாய் என்று கேட்காமல் விரிவான பொதுத்தேர்வு வைத்துப் பார்க்கும் புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். அறக்கட்டளையே தன் பிள்ளையைச் சந்தேகிக்க ஆரம்பித்தது. அதன் சார்பில் வில்லியம் லேர்னெட்டும் பென் வுட்டும் பென்சில்வேனியாவில் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குப் பொதுவான அறிவுத் தேர்வு வைத்து, 1938-இல் முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி இறுதியாண்டு மாணவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல், இரண்டாமாண்டு மாணவரின் சராசரியைவிடக் குறைவாக எடுத்திருந்தார்கள். உயர்நிலைப் பள்ளி இறுதியாண்டின் சராசரியைக்கூட எட்டாதவர்கள் சிலர். அத்தனை பேரிடமும் கிரெடிட் சரியாகவே சேர்ந்திருந்தது. இதைவிட வலுவான குற்றச்சாட்டு இந்த முறைக்கு எதிராக அதற்குப் பிறகும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நேரம் சரியில்லை. போர் வந்தது. போருக்குப் பின்னால் பணம் வந்தது.

1944 ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட முன்னாள் படைவீரர் சட்டத்தின்படி அரசு கல்விக்கட்டணமும் மாதாந்திரப் படியும் கொடுத்தது. 1947-இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் சிப்பாய்கள். முழுநேரம் படிப்பவருக்கு முழுப் படி, பகுதிநேரம் படிப்பவருக்குக் குறைவு. முழுநேரம் என்றால் என்ன என்று கேட்டால் கைக்கு அகப்பட்ட ஒரே எண் செமஸ்டர் மணி. 1965-இல் லிண்டன் ஜான்சன் டெக்சாசில் தான் படித்த கல்லூரிக்கே போய் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1972-இல் அச்சட்டத்தில் சேர்ந்த ஏழை மாணவர் மானியம்தான் பின்னால் பெல் மானியம் என்று பெயர் பெற்றது. செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தால் முழுநேரம், 9 என்றால் முக்கால், 6 என்றால் அரை என்ற ஏணி நிலைபெற்றது.

இங்கேதான் சிக்கல் முளைத்தது. கல்லூரியின் பேரேட்டில் பட்டம் 120. அதாவது செமஸ்டருக்கு 15. அரசின் பேரேட்டில் முழுநேரம் 12. எட்டு செமஸ்டரும் தவறாமல் 12 எடுத்து, ஒன்றிலும் தோற்காமல், ஒழுங்காக மானியம் வாங்கிப் படித்த மாணவரிடம் நான்காம் ஆண்டின் முடிவில் இருப்பது 96. குறைவது 24. இன்னும் ஓர் ஆண்டு. அவருக்கு யாரும் பொய் சொல்லவில்லை. முழுநேர மாணவர் என்று அரசு சொன்னது, வங்கி சொன்னது, கல்லூரியின் கடிதமும் சொன்னது. முழுநேரம் படித்தால் நான்காண்டில் பட்டம் என்று அவராக நினைத்துக்கொண்டார். நினைக்காமல் வேறென்ன செய்வார்? இரண்டு அலுவலகங்கள் இரண்டு காரணங்களுக்காக எழுதிய இரண்டு எண்கள். நடுவே விழுந்தவர் மாணவர்.

இந்த இடைவெளியைப் பெரிய அளவில் ஊருக்குச் சொன்னது 2012-இல் ஹவாய் பல்கலைக்கழகம். முடிக்க 15 எடு என்ற முழக்கத்தோடு சுவரொட்டி, விளம்பரம் எல்லாம் செய்தார்கள். பல மாநிலங்களில் அது தொற்றியது. இந்தியானா 2013-இல் மாநில உதவித்தொகையை ஆண்டுக்கு 30 கிரெடிட்டோடு முடிச்சுப் போட்டது. நியூயார்க் 2017-இல் கொண்டுவந்த இலவசக் கல்வி உதவிக்கும் அதே 30 நிபந்தனை. மத்திய அரசில் ஒபாமா நிர்வாகம் 2016 ஜனவரியில், 15 எடுப்பவருக்குப் பெல் மானியத்தோடு 300 டாலர் கூடுதல் என்று முன்மொழிந்தது. நாடாளுமன்றத்தில் அது நகரவில்லை.

முழக்கத்துக்குச் சாதகமான வாதங்கள் வலுவானவை. பல பல்கலைக்கழகங்களில் 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம். ஐந்தாவது பாடம் ஏறக்குறைய இலவசம். ஐந்தாம் ஆண்டு என்றால் கட்டணம், வாடகை, இழந்த சம்பளம் மூன்றும் சேரும். இன்னொன்றும் உண்டு. 15 எடுத்தவர் ஒரு பாடத்தைப் பாதியில் கைவிட்டால் கையில் 12 நிற்கும், முழுநேரம் கெடாது. 12 எடுத்தவர் ஒன்றைக் கைவிட்டால் 9-க்கு இறங்கி, உதவித்தொகை ஆட்டம் காணும். போதாததற்குத் திருப்திகரமான முன்னேற்ற விதி என்று ஒன்று இருக்கிறது. முயன்ற கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்காவது தேறியிருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டத்துக்கு 180-க்கு மேல் முயன்றால் மத்திய உதவி நின்றுபோகும். கைவிட்ட பாடமும் முயன்ற கணக்கில்தான் ஏறும்.

ஆனாலும் அந்தச் சுவரொட்டிகள் எனக்கு உவப்பாக இல்லை. ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி வெளிப்படிப்பு என்ற பழைய வழக்கின்படி 15 கிரெடிட் என்பது வாரம் 45 மணி நேர வேலை. உணவகத்தில் வாரம் 30 மணி நேரம் உழைத்துப் படிக்கும் ஒருவருக்கு மொத்தம் 75. அவர் 12-ஐத் தேர்ந்தது சோம்பலால் அல்ல. அரசே வரைந்த கோட்டில் நின்றவரைப் பார்த்து ஏன் தாமதம் என்று கேட்பது நியாயமா என்ற கேள்வி சுவரொட்டியில் இல்லை. அந்த இரண்டு மணி வெளிப்படிப்பும் பெரும்பாலும் காகிதத்தில்தான். பிலிப் பாப்காக், மிண்டி மார்க்ஸ் என்ற பொருளியலாளர்கள் பழைய கணக்கெடுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1961-இல் முழுநேர மாணவர் வகுப்புக்கு வெளியே வாரத்துக்குச் சுமார் 24 மணி நேரம் படித்தார். 2003-இல் சுமார் 14.

கிரெடிட் எண்ணிக்கை நிறைந்தும் பட்டம் வராமல் நிற்பவர்களும் உண்டு. பொறியியலில் முதல் நுண்கணிதம் முடித்தால்தான் இரண்டாவது. அது முடிந்தால்தான் இயக்கவியல். அதற்குப் பிறகுதான் கட்டமைப்பு. ஒரு பாடம் இலையுதிர் செமஸ்டரில் மட்டும் நடக்கும் என்றால், அதில் தவறியவர் வசந்தத்தில் 18 கிரெடிட் எடுத்தாலும் சங்கிலியில் ஓர் ஆண்டு பின்தங்குவார். துறை மாறினால் பழைய கிரெடிட்டுகள் பட்டியலில் இருக்கும், பட்டத்துக்கு உதவாது. கல்லூரி மாறினால் இன்னும் மோசம். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் சொன்ன மதிப்பீட்டின்படி, கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள். எங்கே போனாலும் செல்லும் நாணயம் என்றுதான் இதை எல்லாரும் நம்பினார்கள். இன்னொரு பக்கம், தேவைக்கு மேல் கிரெடிட் சேர்ப்பவருக்கு வட கரோலினா, புளோரிடா போன்ற மாநிலங்கள் கூடுதல் கட்டணம் போட்டன. குறைவாக எடுத்தாலும் அடி, கூடினாலும் அடி.

நம் பிள்ளைகளுக்கும் இந்த 12 நன்றாகத் தெரியும், வேறு வழியில். மாணவர் விசாவில் அமெரிக்கா போய் இளநிலை படிக்கிறவர் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது என்பது குடிவரவு விதி. முதுநிலைக்குப் பல்கலைக்கழகமே எண்ணைச் சொல்லும். பல இடங்களில் 9. இணையவழிப் பாடத்தில் ஒன்றுதான் அந்தக் கணக்கில் சேரும். உள்ளூர் மாணவர் ஒரு பாடத்தைக் கைவிட்டால் பணம் குறையும். சேலத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போனவர், அனுமதி கேட்காமல் கைவிட்டால் நாட்டில் தங்கும் உரிமையே போகும்.

இவ்வளவு பாரத்தைச் சுமந்த கிரெடிட் மணிக்கு மத்திய அரசு ஒரு வரையறை எழுதியது எப்போது தெரியுமா? 2010-இல். அதற்கும் ஒரு விவகாரம் தேவைப்பட்டது. லாபநோக்கு நிறுவனம் ஒன்று ஐந்து வாரப் பாடத்துக்கு 9 கிரெடிட் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு அங்கீகாரம் அளித்த அமைப்பைக் கல்வித்துறையின் தலைமை ஆய்வாளர் 2009-இல் கடிந்துகொண்டார். கிரெடிட் என்பது மானியம், மானியம் என்பது வரிப்பணம். அடுத்த ஆண்டே விதி வந்தது: சுமார் 15 வாரத்துக்கு, வாரம் ஒரு மணி வகுப்பும் குறைந்தது இரண்டு மணி வெளிப்படிப்பும், அல்லது அதற்கு ஈடான உழைப்பும் சேர்ந்தது ஒரு கிரெடிட். குதிரை ஓடி நூறாண்டு கழித்து லாயத்துக்குப் பூட்டு. அதையும் பல கல்லூரிகள் அரசின் தலையீடு என்று எதிர்த்தன. 2012-இல் பிரதிநிதிகள் சபை அந்த விதியை நீக்க ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மேலவையில் அது கரையேறவில்லை.

இதற்கிடையே கார்னகி அறக்கட்டளை, தன் யூனிட்டை மறுபடி பரிசோதிக்கப் போவதாக 2012-இல் அறிவித்தது. 2015 ஜனவரியில் அறிக்கை வந்தது. அளவுகோலின் குறைகள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, இதை எடுத்துவிட்டால் ஏழைப் பள்ளியும் பணக்காரப் பள்ளியும் மாணவருக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரமாவது கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் போய்விடும் என்றது. மாற்று எதுவும் தயாராக இல்லை, எனவே இருக்கட்டும் என்பதுதான் சாரம். திறமையை நேரடியாக அளந்து பட்டம் கொடுக்கிறோம் என்று 1997-இல் தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம்கூட, உதவித்தொகை அலுவலகத்துக்காகத் தன் திறமை அலகுகளைக் கிரெடிட்டாக மாற்றித்தான் எழுதுகிறது. 2023-இல் அறக்கட்டளையின் தலைவர் டிம் நோல்ஸ், தேர்வு நடத்தும் ஈடிஎஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, யூனிட்டுக்கு மாற்றுத் தேடும் வேலையைத் தொடங்கினார். பிரிட்செட் உட்கார்ந்த நாற்காலியின் வாரிசு அவர்.

கடல் தாண்டியும் இந்தக் கணக்கு போனது. ஐரோப்பா 1989-இல் தன் கிரெடிட் முறையைத் தொடங்கியபோது ஓராண்டுப் படிப்புக்கு 60 என்று வைத்து, ஆசிரியர் பேசும் நேரத்துக்குப் பதில் மாணவரின் மொத்த உழைப்பை எண்ண முயன்றது. இந்தியாவில் 2022-இன் இறுதியில் யுஜிசி வகுத்த திட்டத்தில் மூன்றாண்டு இளநிலைக்கு 120 கிரெடிட். அமெரிக்காவில் நான்காண்டில் எடுப்பதை இங்கே மூன்றாண்டில், செமஸ்டருக்கு 20. இது எப்படி வந்தது என்று பார்க்க 1960-களின் கான்பூருக்குப் போக வேண்டும். 1962-இல் ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக அங்குள்ள ஐஐடிக்குக் கைகொடுத்தன. 1963-இல் ஐபிஎம் 1620 கணினி வந்திறங்கியது. செமஸ்டரும் எழுத்துத் தரமும் அந்தக் கூட்டுறவோடு வந்தவைதான். அந்தக் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)